டோபினின் குதிகால்

பனிக்கட்டித் தொட்டியில் இடுப்புவரை முங்கி உட்கார்ந்திருக்கும் மனிதனிடம் யாரும் முக்கியமான விஷயம் பேசக் கூடாது. எங்கள் தடுப்பாட்டக் கோச் கெம்ப்புக்கு அந்த நாகரிகமெல்லாம் கிடையாது. செவ்வாய்க்கிழமை காலை, என் இரண்டு முழங்கால்களையும் மரத்துப்போக வைப்பதற்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கையில் காபி. எனக்கு ஒன்று கொண்டுவரவில்லை.

"எப்படி இருக்க பெர்னல்?"

"இடுப்புக்குக் கீழ எதாவது இருக்கான்னே தெரியல கோச்."

"ஞாயித்துக்கிழமை உன் ஆளு டோபின் நமக்கு எதிரா ஆடப்போறான்."

"தெரியும்."

"ஒன்பது வருஷம் உன் முதுகுக்குப் பின்னாடி நின்னவன். வீடியோவுல தெரியாதது எதாவது உனக்குத் தெரிஞ்சிருக்கும். யோசிச்சுச் சொல்லு."

யோசிக்க ஒன்றுமில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. அதை வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை, டோபினுக்கே சொன்னதில்லை. "யோசிக்கிறேன் கோச்" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். காலிக் காபிக் கோப்பையைத் தொட்டியின் விளிம்பிலேயே வைத்துவிட்டுப் போனார்.

என் அம்மாவுக்கு இன்றுவரை இந்த அமெரிக்கக் கால்பந்தாட்டம் புரியாது. லூசியானாவில் மாதாகோயில் தோழிகளோடு உட்கார்ந்து டிவியில் என்னைத் தேடுவாள், கண்டுபிடித்ததும் எழுந்து சமையலைப் பார்க்கப் போய்விடுவாள். அவளுக்குச் சொல்வதுபோலச் சொன்னால்: ஒவ்வொரு முறையும் பந்து தரையிலிருந்துதான் கிளம்பும். நான் சென்டர். பந்தின்மேல் குனிந்து நின்று, குவார்ட்டர்பேக் குரல் கொடுக்கும் அந்தக் கணத்தில், கால்களுக்கு நடுவே அதைப் பின்னால் அவனுக்குத் தள்ளுவேன். அவன் அதை வாங்கி யாருக்காவது எறிவான். அவன் எறிந்து முடிக்கும்வரை எதிரே நிற்கிற மலைகள் அவன்மேல் சரியாமல் நான் தாங்கிக்கொள்ள வேண்டும். பேரும் புகழும் அவனுக்கு, முழங்கால் வலி எனக்கு. நியாயமான ஏற்பாடுதான், நான் குறை சொல்லவில்லை.

பந்தைத் தள்ளுவதற்குமுன் கால்களுக்கு நடுவே ஒருமுறை அவனைப் பார்த்துக்கொள்வேன். ஆகவே டோபின் ராஸ்முசனை நான் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் தலைகீழாகத்தான். முதலில் இரண்டு காலணிகள், அப்புறம் முழங்கால், அப்புறம் நீட்டிய இரண்டு கைகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஹெல்மெட்டுக்குள் அந்த வெளிறிய முகம். அவன் மனைவி காரின் ஒருமுறை என்னிடம் "கல்யாண ஆல்பத்துல இருக்கறத விட டோபின் உன் பின்னாடி நிக்கிற ஃபோட்டோதான் நாட்டுல அதிகம்" என்றாள். அதில் பொறாமை இல்லை, கொஞ்சம் பரிதாபம் இருந்தது. பரிதாபம் என்மேல் இல்லை, அவன்மேல்.

வடக்கு டக்கோட்டாவில், கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமையும் அதைத் தாண்டினால் இன்னும் கோதுமையுமாக இருக்கும் ஓர் ஊரிலிருந்து வந்தவன் அவன். அப்பா மாட்டுச் சந்தையில் ஏலம் கூவுகிறவர். மூச்சு விடாமல் கூவுவார், நடுவில் ஒரு சின்ன நிறுத்தம் கொடுப்பார், அந்த நிறுத்தத்தில் எவனாவது ஒருவன் அவசரப்பட்டுக் கையைத் தூக்கிவிடுவான். மாடு அவன் தலையில். டோபின் நடக்கப் பழகியதே அந்தக் கூவலைக் கேட்டுத்தான். பெரிய கல்லூரி எதுவும் அவனைச் சீண்டவில்லை. தோள் பலம் சுமார், ஓட்டம் அதைவிடச் சுமார். எங்கள் அணி அவனை மூன்றாவது ஆளாக எடுத்தபோது, முதல் இரண்டு ஆட்களுக்கும் காய்ச்சல் வந்தால்தான் இவன் ஆடுவான் என்று நாங்களே சிரித்தோம். இரண்டு வருடம் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றான். மூன்றாவது வருடம் ஒருவனுக்குக் கால் உடைந்தது, இன்னொருவனுக்குத் தோள் இறங்கியது. ஏரிக் காற்று ஊசியாகக் குத்திய ஒரு நவம்பர் மதியம் டோபின் என் பின்னால் வந்து நின்றான். வியர்வை பந்தில் படாமலிருக்க நான் இடுப்பில் ஒரு துண்டைச் செருகியிருப்பேன். வந்ததும் அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "உன் இடுப்புத் துண்டு சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கு, மாத்துறியா?" என்பது.

"ஐயாவுக்கு வெந்நீர் வேணுமா?" என்றேன்.

அன்றைக்குத்தான் அவன் குரலைக் கேட்டேன். மற்ற குவார்ட்டர்பேக்குகள் கத்துவார்கள். இவன் கூவினான். ஒரு எண், ஒரு நிறம், ஒரு "ஹட்", ஒரு நிறுத்தம், இன்னொரு "ஹட்". எந்த "ஹட்"டில் பந்து கிளம்பும் என்று எங்களுக்கு மட்டும்தான் தெரியும். எதிரணிக்காரன் பொய்க் கூவலுக்கு ஏமாந்து முன்னால் பாய்ந்துவிட்டால் எங்களுக்கு ஐந்து கஜம் இனாம். ஏலக்காரனின் மகன் அந்த நிறுத்தத்தில் ஆட்களைக் கொத்துக்கொத்தாகப் பாயவைத்தான். முந்நூறு பவுண்டு எடையுள்ள மனிதர்கள் பாய்ந்துவிட்டு, விசில் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வதைப் பக்கத்திலிருந்து பார்ப்பதைப்போல ஆனந்தம் உலகத்தில் குறைவு. அவன் தோள் செய்யாததை அவன் தொண்டை செய்தது. ஒன்பது வருடம் அதை வைத்துத்தான் பிழைத்தோம்.

குதிகால் விஷயத்தை நான் கண்டுபிடித்தது அதே வருடம், எதிரணியின் ஊரில் பனி கொட்டிய ஓர் ஆட்டத்தில். சொந்த ஊர் ரசிகர்கள் தங்கள் ஆள் கூவும்போது வாயை மூடிக்கொள்வார்கள், எதிராளி கூவும்போது கூரை கிழியக் கத்துவார்கள். அன்றைக்கு அவர்கள் கத்திய கத்தலில் எனக்கு என் மூச்சே கேட்கவில்லை. கால்களுக்கு நடுவே பார்த்தேன். அவன் வாய் அசைந்தது, ஒன்றும் விழவில்லை. ஆனால் இடது குதிகால் தரையிலிருந்து கொஞ்சம் எழுந்தது. ஒரு குத்துமதிப்பில் பந்தைத் தள்ளினேன், சரியாக இருந்தது. அடுத்த முறையும் அப்படியே. பொய்க் கூவலுக்கு அந்தக் குதிகால் அசையாது. உண்மையான கூவலுக்கு ஒரு நொடி முந்தியே எழுந்துவிடும். அவனுக்கே அது தெரியாது. மேலேயிருந்து எடுக்கிற வீடியோவில் அது தெரியாது. அவனைத் தலைகீழாகப் பார்க்கிற ஒரே மனிதன் நான், எனக்கு மட்டும் தெரிந்தது.

அந்த ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் டோபின் முகமெல்லாம் பூரித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அந்த இரைச்சல்லயும் என் குரல் உனக்குக் கேட்டுதில்ல?" என்றான். நான் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "கணீர்னு கேட்டுது" என்றேன். அதற்கப்புறம் எந்த ஊருக்குப் போய் ஆடிவிட்டு வந்தாலும் அவன் அதையே கேட்பான், நானும் அதையே சொல்வேன்.

அவனோடு பழகுவது சிரமமே இல்லை. கெட்ட வார்த்தை வாயில் வராது, மிஞ்சிப்போனால் "அட ராமா" என்கிற மாதிரி ஏதோ ஒன்று வரும். அதனால் நாங்கள் அவனைப் பாதிரி என்று கூப்பிட்டோம். வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்களையெல்லாம் கூட்டிப்போவான், நாங்கள் மேசையைக் காலிசெய்வதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டு தான் மட்டும் வெறும் கோழிக்கறியும் உருளைக்கிழங்கும் தின்பான். கிறிஸ்துமஸுக்கு மற்ற குவார்ட்டர்பேக்குகள் தங்கள் ஆட்களுக்குக் கடிகாரம் கொடுப்பார்கள். இவன், முன்வரிசையில் நின்று அவனைக் காக்கிற எங்கள் ஐந்து பேருக்கும் ஆளுக்குப் பாதி மாடு கொடுத்தான். அண்ணன் பண்ணையிலிருந்து வெட்டிப் பொட்டலம் கட்டி வந்தது, வைக்க ஒரு குளிர்ப்பெட்டியோடு. என் மனைவி இவெட் வசந்தகாலம்வரை கறிக்கடைப் பக்கமே போகவில்லை. பதிலுக்கு அவள் மிளகாய்ச் சாறு ஊற்றிய எங்கள் ஊர்க் கம்போ குழம்பு ஒரு பானை அனுப்பினாள். டோபின் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, கண்ணில் நீர் வழிய, "ரொம்ப நல்லா இருக்கு, இது என்ன நோய்க்கு மருந்து?" என்று கேட்டான்.

அவனுக்குக் காறை எலும்பு ஒரு முறை முறிந்தது. விலா எத்தனையோ முறை. ஊர் அவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடிய வருடங்களும் உண்டு, அவன் மகள் படிக்கிற பள்ளிக்கூட வாசலிலேயே அவனைத் திட்டிய வருடங்களும் உண்டு. முன்னணி அணிகள் மட்டும் ஆடுகிற பிளே-ஆஃப் சுற்றுக்கு மட்டும் நாங்கள் ஒரு தடவைகூடப் போகவில்லை. இரண்டு முறை வாசல்வரை போய்க் கடைசி ஆட்டத்தில் திரும்பி வந்தோம். போன வசந்தத்தில் நிர்வாகம் அவனைக் கழற்றிவிட்டது. அவன் இடத்தில் வந்த புதியவன் குரலே கொடுக்க மாட்டான், ஓட்டலில் சர்வரைக் கூப்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் தட்டுவான். நான் பந்தைக் கொடுப்பேன். நல்ல பையன்தான். என்றாலும் எனக்கு என்னவோ பரிமாறுகிறவன் வேலைக்குப் போன மாதிரிதான் இருந்தது.

டோபினைத் தெற்கே பாலைவனத்து நகரம் ஒன்றின் அணி மாற்று ஆளாக எடுத்துக்கொண்டது. முப்பத்தேழு வயதில் மறுபடி தொப்பி, மறுபடி ஓரம். அக்டோபரில் அங்கே முதல் ஆள் அடிபட்டு விழ, டோபின் உள்ளே வந்தான். விட்டுவிட்டு ஜெயித்தார்கள். இப்போது சீசனின் கடைசி ஞாயிறு. அவர்கள் ஊரில் அவர்களும் நாங்களும் மோத வேண்டும். ஜெயிக்கிறவர்களுக்கு பிளே-ஆஃப், தோற்கிறவர்களுக்கு வீடு. டோபின் இதோடு நிறுத்திக்கொள்வான் என்று காரின் இவெட்டிடம் சொல்லியிருந்தாள். என் முழங்கால்களைப் பார்த்த டாக்டரும் எனக்கு அதையேதான் சொல்லியிருந்தார். எங்கள் இரண்டு பேரில் ஒருவனுக்கு இதுதான் கடைசி ஆட்டம்.

அன்று சாயங்காலம் இவெட் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கெம்ப் கேட்டதைச் சொன்னேன்.

"சொன்னியா?"

"இன்னும் இல்ல. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ற மாதிரி இருக்கு."

"எந்த வீடு? எனக்குத் தெரிஞ்சு ரெண்டு வீட்லயும் தின்னுருக்க."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"டெக்ஸ் வேற டீமுக்குப் போனப்ப டோபின் என்ன பண்ணான்?"

அது எனக்கு மறந்துவிடவில்லை. டெக்ஸ் எங்களோடு ஆறு வருடம் ஆடியவன், டோபினின் மூத்த மகளுக்கு ஞானத்தகப்பன். அவன் எங்களுக்கு எதிராக ஆட வந்த வாரம், டோபினே கோச் அறைக்குப் போய், டெக்ஸுக்கு எந்த முழங்கால் பலவீனம், எந்தப் பக்கம் திரும்பத் தயங்குவான் என்பதையெல்லாம் படம் வரைந்து விளக்கிவிட்டு வந்தான். ஆட்டம் முடிந்ததும் டெக்ஸைத் தன் காரிலேயே வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டான். "சட்டை மாறினா வேலையும் மாறும்டா. பிரியம் எங்க போகுது?" என்று என்னிடம் சொன்னான். எங்கள் உலகத்தில் அதுதான் வழக்கம், யாரும் யாரையும் கோபித்துக்கொள்வதில்லை.

"நம்ம டீம்ல ஐம்பது பேரு இருக்கான். எல்லாருக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு" என்றாள் இவெட். பிறகு, குரலைத் தணித்து, "ஆனா அவனுக்கு அடிபடும். அதையும் யோசிச்சுக்கோ" என்றாள். இப்படி இரண்டு பக்கமும் பேசுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

புதன்கிழமை கெம்ப்பின் அறைக்குப் போனேன். "இடது குதிகால்" என்றேன். "நிஜமா கூவுறதுக்கு முன்னாடி எழும்பும். பொய்யா இருந்தா எழும்பாது." கெம்ப் காபியைக் கீழே வைத்தார். பிறகு விளிம்பில் நின்று பாய்கிற எங்கள் ஆள் ஓமாரியைக் கூப்பிட்டார், ஏனென்றால் அந்த இடத்தில் நிற்கிறவன் கண்ணுக்குத்தான் குவார்ட்டர்பேக்கின் கால் தெரியும். ஓமாரிக்கு இருபத்து நான்கு வயது. உடம்பெல்லாம் நரம்பு, மீதியெல்லாம் வாய். அவனிடம் இதைச் சொல்லிவிட்டு வெளியே வந்தவன் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. வெண்டைக்காய்மேல் பழியைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கூரை போட்ட மைதானம். அவர்கள் பந்தோடு வந்து நின்றதும், நிறைந்திருந்த கூட்டம் முழுவதும் சட்டென்று வாயை மூடிக்கொண்டது. நான் எங்கள் பெஞ்சில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த அமைதியில் டோபினின் குரல் எழுந்தது. எண், நிறம், ஹட், நிறுத்தம். முழங்கால்மேல் இருந்த என் வலது கை தானாகத் துள்ளியது. பக்கத்திலிருந்தவன் பார்த்துவிட்டு, "என்ன பெர்னல், அந்தப் பக்கம் போய்க் குனியறியா?" என்றான்.

யாரும் ஏமாறவில்லை. எங்கள் ஆட்கள் கல்லாக நின்றார்கள். குதிகால் எழும்போது மட்டும் ஓமாரி கிளம்பினான். பந்து டோபின் கைக்கு வந்து சேர்வதற்கும் ஓமாரி வந்து சேர்வதற்கும் சரியாக இருந்தது. முதல் அடியில் டோபின் மல்லாக்க விழுந்தான். இரண்டாவது அடியில் பக்கவாட்டில் மடங்கினான், அந்தச் சத்தம் எங்கள் பெஞ்சுவரை கேட்டது. எழுந்து, தன் ஆட்களின் முதுகில் தட்டி, மறுபடி போய் நின்றான். அடிபட்டு விழுந்தால் எழுந்து எல்லோர் முதுகிலும் தட்டுவது அவனுடைய பழக்கம், முதல் ஆட்டத்திலிருந்தே அப்படித்தான். முன்பெல்லாம் அவனைத் தூக்கிவிடுவது என் கை. இப்போது அவனை விழவைத்தது என் வாய். வேலைதான், வழக்கம்தான், அவனே செய்திருப்பான், எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் மூன்றாவது முறை அவன் எழுந்திருக்க நேரமெடுத்தபோது, நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். பார்வையாளர் வரிசையில் காரின் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்று தெரியும். அந்தப் பக்கம் திரும்பவில்லை.

எங்கள் முறை வந்தபோது நான் போய்க் குனிந்தேன், கைதட்டல் கேட்டுப் பந்தைக் கொடுத்தேன், இடித்தேன், இடிபட்டேன். கடைசி இரண்டு நிமிடம் இருக்கும்போது நாங்கள் நான்கு புள்ளி முன்னால் இருந்தோம். பந்து அவர்களிடம். அவர்கள் எல்லைக் கோடுவரை போயே ஆக வேண்டும்.

நான்கு வாய்ப்புக்குள் பத்து கஜம் போகாவிட்டால் பந்து கைமாறிவிடும். மூன்று வாய்ப்பு தீர்ந்தபோது அவர்களுக்கு இன்னும் நான்கு கஜம் பாக்கி. அந்த மூன்றாவது வாய்ப்பில் ஓமாரி டோபினைத் துரத்திக்கொண்டு வந்து, எங்கள் பெஞ்சுக்கு நேர் முன்னால், கோட்டோரமாகத் தள்ளி விழவைத்தான். பந்து வெளியே உருண்டது. எங்கள் பெஞ்சு முழுவதும் எழுந்து கூச்சல் போட்டது. இன்னும் ஒரே ஒரு முறை தடுத்தால் எல்லாம் முடிந்தது. ஓமாரி பேசாமல் திரும்பி வந்திருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"தாத்தா, குரல் நல்லாத்தான் இருக்கு" என்றான், கீழே கிடந்தவன்மேல் குனிந்து. "உன் குதிகால்தான் உன்னக் காட்டிக் குடுக்குது. வீட்டுக்குப் போய் அதுக்கு ஒரு தைலம் தேய்."

கெம்ப் கையிலிருந்த அட்டையைத் தரையில் எறிந்தார். டோபின் எழுந்திருக்கவில்லை. மல்லாந்தபடியே தலையை மட்டும் தூக்கித் தன் காலணிகளைப் பார்த்தான். முதலில் வலது, அப்புறம் இடது. பிறகு மெதுவாகக் கழுத்தைத் திருப்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தான். அத்தனை பேரில் அவன் தேடியது என்னைத்தான், கண்டுபிடிக்க அவனுக்குச் சிரமமும் இல்லை. நான் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

கடைசி வாய்ப்பு. கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டது. டோபின் நின்றான். எண். நிறம். இடது குதிகால் எழுந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எழுந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. கத்தலாம் என்றால் கத்துவதற்கு நேரமில்லை, நேரமிருந்தால் கத்தியிருப்பேனா என்பது வேறு விஷயம். "ஹட்" என்றான். அவன் அப்பாவின் சந்தைக் குரல். ஓமாரி பறந்தான். அவனைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் பறந்தார்கள். பந்து தரையிலேயே இருந்தது.

விசில். நடுவரின் மஞ்சள் துணி காற்றில் பறந்து விழுந்தது. ஐந்து கஜம் இனாம், அவர்களுக்குத் தேவைப்பட்டது நான்கு. புதிதாக நான்கு வாய்ப்பு. அடுத்த பந்திலேயே எங்கள் ஆட்கள் குதிகாலைப் பார்ப்பதா, காதைத் தீட்டுவதா என்று தடுமாறி நிற்க, டோபின் நிதானமாக மூலைக்கு எறிந்தான். எல்லைக் கோட்டைத் தாண்டி நின்ற ஒருவன் அதைப் பிடித்தான், ஆறு புள்ளி.

மீதியிருந்த நொடிகள் எங்களுக்குப் போதவில்லை, தோற்றுவிட்டோம். ஓமாரி ஹெல்மெட்டுக்குள் அழுதான். என் கடைசி ஆட்டம் முடிந்துவிட்டது. அதே நேரத்தில், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, உள்ளுக்குள் ஒரு மூலையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். பார்க்கிறவர்கள் அழுகிறான் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் நடு மைதானத்தில் கலந்து கட்டிக்கொள்வது வழக்கம். எல்லோரும் போன பிறகும் டோபின் வரவில்லை. விலாவில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு, பேட்டிகளெல்லாம் முடித்துவிட்டு, ஒரு பந்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான். மைதானம் ஏறக்குறையக் காலியாகியிருந்தது. சுரங்கப்பாதை வாயிலில் காரின் குழந்தைகளோடு நின்றாள். என்னைப் பார்த்துக் கையசைத்தாள்.

"நீதான?" என்றான்.

"நான்தான்."

"சரி. சொல்லாம இருந்திருந்தா உதைச்சிருப்பேன்." ஐஸ் பையைச் சரிசெய்துகொண்டான். "எப்பலேருந்து தெரியும்?"

"முதல் வருஷம். அந்தப் பனி ஆட்டத்துலேருந்து."

"ஒன்பது வருஷமா எங்கிட்ட சொல்லல. கெம்ப்கிட்ட ஒரே வாரத்துல சொல்லிட்ட."

அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைச் சுட்டது.

"வெளியூர்ல உன் குரல் எனக்குக் கேட்டதே இல்லடா பாதிரி. ஒரு நாள்கூட. அந்தக் குதிகாலப் பாத்துத்தான் குடுத்தேன்."

அவன் பந்தைக் கையில் சுழற்றினான். மேலே விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட."

"எங்கப்பாட்ட ஃபோன் பண்ணிச் சொன்னேனே. எழுபதாயிரம் பேர் கத்துனாலும் பெர்னலுக்கு என் குரல் கேக்குதுன்னு. அவரு அத சந்தையில எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சாரு."

"தெரியும். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டுக்கு வந்தப்பவே எங்கிட்டயே சொன்னாரு. அப்புறம் நான் எப்படிச் சொல்றது?"

டோபின் சிரிக்கப் பார்த்தான், விலா வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டான். கண்ணைத் துடைத்தான். வலியாகவும் இருக்கலாம். எங்கள் பஸ்ஸிலிருந்து யாரோ என் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"அடுத்த சனிக்கிழமை பிளே-ஆஃப்" என்றான். "ஓமாரி இந்நேரம் ஊரெல்லாம் சொல்லிருப்பான்."

"பஸ்ல ஏறுறதுக்கு முன்னாடியே ஃபோன்ல போட்டுருப்பான்."

பந்தை என்னிடம் நீட்டினான். "குனி."

"இங்கயா? இந்தச் சட்டையோடயா?"

"குனிடா. என் காலை நானே பாக்க முடியாது. நீ பாத்துச் சொல்லு."

குனிந்தேன். முழங்கால் இரண்டும் திட்டின. கால்களுக்கு நடுவே பார்த்தேன். இரண்டு காலணிகள், ஐஸ் பை, நீட்டிய கைகள், எல்லாவற்றுக்கும் அடியில் ஹெல்மெட் இல்லாத அந்த முகம், காதோரம் நரைத்திருந்தது. கூவினான். குதிகால் எழுந்தது. பந்தைக் கொடுத்தேன்.

"தூக்குற" என்றேன்.

மறுபடி.

"தூக்குற."

"இல்ல, இப்ப தூக்கல."

"எங்கம்மா சத்தியமா தூக்குனடா."

மறுபடி, மறுபடி. அவன் பாதத்தை அகட்டி வைத்துப் பார்த்தான், உடம்பைப் பின்னால் சாய்த்துப் பார்த்தான். குழந்தைகள் சலித்துப்போய்ப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். என் நெற்றி வியர்வை மூக்கின் வழியாகப் பந்தின்மேல் சொட்டியது, அவன் அதைத் தன் சட்டையில் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். இந்த முறை மட்டும் துண்டை மாற்றச் சொல்லவில்லை.

பிறகு ஒரு முறை, அவன் நின்றான். எண். நிறம். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு குதிகாலும் தரையோடு தரையாக இருந்தன. அந்தக் காலி மைதானத்தில் அவன் குரல் நிறைந்து எழுந்தது. எது நிஜக் கூவல் என்று தெரியாமல் நான் கொடுக்கவில்லை. "ஹட்" என்றான் மறுபடி. குதிகால் அசையவில்லை.

"கேக்குதாடா?" என்றான்.

"கேக்குது" என்றேன். பந்து இன்னும் என் கையில்தான் இருந்தது.